ஆல்பா-சைனுக்ளின் திரள்வதைத் தையோஃபிளேவின் ஒளிர்வால் அளப்பது எப்படி?

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை நரம்பணுக்களுக்குள் உருண்டை உருண்டையாகச் சில படிவுகள் இருப்பதை ஃபிரெடரிக் லூயி 1912ஆம் ஆண்டில் விவரித்தார். அவற்றின் முதன்மையான பொருள் எது என்பது தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாலியின் கோன்டூர்சி ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த பார்க்கின்சன் நோய்க்கு, ஆல்பா-சைனுக்ளின் புரதத்தின் 53ஆம் இடத்தில் அலனைனுக்குப் பதிலாக திரியோனைன் அமர்ந்ததே காரணம் என்று அவ்வாண்டு கண்டறியப்பட்டது. லூயி உடல்கள் என்று பெயர்பெற்ற அந்தப் படிவுகளில் நிறைந்திருப்பதும் அதே புரதம்தான் என்பதை மரியா கிராசியா ஸ்பில்லாண்டினி, மைக்கேல் கோடெர்ட் ஆகியோரின் குழு சில வாரங்களிலேயே காட்டியது. அன்றிலிருந்து, இந்தப் புரதம் எப்படித் திரள்கிறது, எதனுடன் சேர்ந்தால் விரைவாகவும் எதனுடன் சேர்ந்தால் மெதுவாகவும் திரள்கிறது என்பதைக் கண்ணாடிக் குழாயில் அளந்து பார்ப்பது, இத்துறைக்குள் நுழையும் ஒவ்வொரு மாணவரும் கற்றாக வேண்டிய முதல் சோதனையாகிவிட்டது.

உயிர்வேதியியல் முதுகலை முடித்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருப்பவர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. திரண்ட புரதத்தில் ஒட்டினால் ஒளிரும் தையோஃபிளேவின் சாயத்தைச் சேர்த்து, ஒளிர்வு ஏறும் ஒரு வளைவை யாரும் எளிதில் பெற்றுவிடலாம். அந்த வளைவு புரதத்தைப் பற்றிச் சொல்கிறதா, அல்லது பல குழிகள் கொண்ட அளவீட்டுத் தட்டின் சுவரையும் காற்றுக்குமிழியையும் கரைசலில் மிதந்த அழுக்கையும் பற்றிச் சொல்கிறதா என்பதைப் பிரித்தறிவதே கடினமான பகுதி. எனவே, அளவீட்டுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கு அதிக இடம் தந்திருக்கிறேன்.

புரதத்தை அறிந்துகொள்ளுதல்

ஆல்பா-சைனுக்ளின் 140 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். மூலக்கூறு எடை 14,460 டால்டன். கரைசலில் தனி மூலக்கூறாக, அதாவது மோனோமராக, இருக்கும்போது இதற்கு நிலையான மடிப்பு எதுவும் கிடையாது. முதல் 60 அமினோ அமிலங்கள் எதிர்மின் தன்மையுள்ள கொழுப்புச் சவ்வுகளில் ஒட்டும்போது சுருளாக மாறுகின்றன. 61 முதல் 95 வரையிலான நடுப்பகுதி நீரை வெறுப்பது. புரதம் திரளும்போது உருவாகும் நீண்ட இழையான நாரிழையின் உள்ளகம் பெரும்பாலும் இப்பகுதியைச் சுற்றியே அமைகிறது. எஞ்சிய வால்பகுதியில் அமில அமினோ அமிலங்கள் நிறைந்திருப்பதால், நடுநிலை பி.எச்-இல் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பின் அளவு, பி.எச், கால்சியம் போன்ற அயனிகள் ஆகியவை திரட்சியின் வேகத்தை இவ்வளவு மாற்றுவதற்கு இந்த வால்தான் பெருமளவு காரணம் என்பதால், தாங்கல் கரைசலை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத் தயாரிப்பதில் எந்தத் தளர்வும் கூடாது.

இதில் டிரிப்டோஃபான் கிடையாது. டைரோசின் நான்கு உண்டு. ஆகவே 280 நானோமீட்டரில் இதன் ஒளி உறிஞ்சல் மிகக் குறைவு: மோலார் உறிஞ்சல் கெழு 5,960 மட்டுமே. 1 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவுள்ள கரைசல், அதாவது ஏறத்தாழ 69 மைக்ரோமோலார், ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் 0.41 அளவுதான் காட்டும். சிறிதளவு டி.என்.ஏ கலந்திருந்தாலும் இந்த எண் பொய்யாகிவிடும். எனவே 260 நானோமீட்டரிலும் அளந்து, அது 280-ஐவிட உயர்ந்திருந்தால் அந்தப் புரதத்தைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

மோனோமரைத் தயார் செய்தல்

ஈ.கோலையில் உற்பத்தி செய்வதே வழக்கம். இப்புரதம் கொதிநிலைக்கு அருகிலும் கரைந்தே இருக்கும் என்பது நமக்குப் பெரிய வசதி. உடைத்த செல்சாற்றை 85 முதல் 95 பாகை வரை சூடாக்கிப் பத்து முதல் இருபது நிமிடம் வைத்தால், பாக்டீரியாவின் புரதங்களில் பெரும்பாலானவை திரிந்து அடியில் படிந்துவிடும். அதன்பின் ஸ்ட்ரெப்டோமைசின் சல்ஃபேட்டால் நியூக்ளிக் அமிலங்களை வீழ்படிவாக்கி, அயனிப் பரிமாற்றக் கம்பத்தில் ஓடவிட்டு, இறுதியில் ஜெல் ஃபில்ட்ரேஷன் செய்ய வேண்டும். எஸ்.டி.எஸ் ஜெல்லில் இப்புரதத்தின் பட்டை 14 கிலோடால்டனில் வராமல் 18-க்கு அருகே நிற்பதைக் கண்டு பதற வேண்டாம். அமில வாலில் எஸ்.டி.எஸ் குறைவாகவே ஒட்டுவதால் அப்படித்தான் தெரியும்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. 136ஆம் இடத்து டைரோசினுக்கான டி.ஏ.சி என்ற மரபுக் குறியனை (கோடான்) ஈ.கோலை சில வேளைகளில் தவறாகப் படித்துச் சிஸ்டீனைச் சேர்த்துவிடுகிறது. உற்பத்தியாகும் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இப்படி மாறிப்போகலாம். இயல்பான ஆல்பா-சைனுக்ளினில் சிஸ்டீனே கிடையாது. தவறி நுழைந்த சிஸ்டீன்கள் டைசல்ஃபைடு பிணைப்பால் இரண்டிரண்டாக இணைந்து, நீங்கள் நோயோடு தொடர்புபடுத்தி விளக்க முயலும் ‘இருபடி’யாக ஜெல்லில் தோன்றும். பிளாஸ்மிடில் அந்தக் குறியனை டி.ஏ.டி என மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும். உங்களிடம் வந்த பிளாஸ்மிடில் அந்த மாற்றம் இருக்கிறதா என்பதை வரிசையறிந்து பாருங்கள். நிறை நிறமாலைமானியில் எடை பார்க்கும்போது 14,460-க்கு அருகே, அதைவிட 60 டால்டன் குறைந்த இன்னொரு முகடு இருந்தால் அது இந்தப் பிழைதான்.

ஜெல் ஃபில்ட்ரேஷனில் வெளிவரும் மோனோமர் முகட்டின் நடுப்பகுதியை மட்டும் சேகரித்து, ஒரு முறை பயன்பாட்டுக்கான சிறு அளவுகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 பாகையில் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள். ஒவ்வொரு முறை உறைந்து உருகும்போதும் சிறு திரட்சிகள் உருவாகக்கூடும். அவை அடுத்த சோதனையில் விதைகளாக வேலை செய்யும். பாலில் ஒரு துளி உறைமோர் தவறி விழுந்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் அனைவரும் அறிந்ததே. நாரிழைத் துணுக்கு கலந்த மோனோமரின் கதையும் அதுதான். அதனால், சோதனை நாளன்று உருக்கிய புரதத்தை 100 கிலோடால்டன் வெட்டுள்ள வடிகட்டியில் செலுத்தியோ, 1,00,000 ஜி விசையில் ஒரு மணி நேரம் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுத்தோ தூய்மைப்படுத்த வேண்டும். வடிகட்டிய பிறகு செறிவை மீண்டும் அளக்க வேண்டும். முதலில் அளந்த எண்ணையே எழுதிவிடும் பழக்கம் பல ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது, அது சரியன்று.

சாயமும் தட்டும்

தையோஃபிளேவின்-டி என்னும் மஞ்சள் சாயத்தின் மூலக்கூற்றில் இரண்டு வளையப் பகுதிகள் ஒரு பிணைப்பைச் சுற்றித் தாராளமாகச் சுழல்கின்றன. அந்தச் சுழற்சியில் ஆற்றல் வீணாவதால் நீரில் அது ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. நாரிழையின் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களில் சிக்கும்போது சுழற்சி தடைப்பட்டு, 440 முதல் 450 நானோமீட்டர் ஒளியை ஏற்று 480 நானோமீட்டருக்கு அருகில் வலுவாக ஒளிரும்.

3.2 மில்லிகிராம் சாயத்தை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் ஏறத்தாழ 1 மில்லிமோலார் கிடைக்கும். கரையாத துகள்கள் இருக்கும் என்பதால் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்டி, பிறகு 412 நானோமீட்டரில் அளந்து, 36,000 என்ற கெழுவைக் கொண்டு உண்மையான செறிவைக் கணக்கிடுங்கள். 20 மைக்ரோமோலாராக நீர்த்த கரைசல் 0.72 காட்ட வேண்டும். அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள்.

நான் பரிந்துரைக்கும் தொடக்க நிலை இது: 70 மைக்ரோமோலார் மோனோமர், 20 மைக்ரோமோலார் சாயம், பி.எச் 7.4 உள்ள பாஸ்பேட் உப்புக் கரைசல், 0.02 விழுக்காடு சோடியம் அசைடு, 37 பாகை வெப்பம். குழி ஒன்றுக்கு 150 மைக்ரோலிட்டர் என்றால் 0.15 மில்லிகிராம் புரதம் செலவாகும். 24 குழிகளுக்கு 3.6 மில்லிகிராம். பல நாள் 37 பாகையில் வைக்கும் கரைசலில் நுண்ணுயிர்கள் வளராமலிருக்கவே அசைடு சேர்க்கிறோம். அது நஞ்சு, அமிலத்துடன் சேர்ந்தால் ஆபத்தான வாயுவாக மாறும். அமில பி.எச்-இல் செய்யும் சோதனைகளில் அதைத் தவிர்த்து, எல்லாக் கரைசல்களையும் வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

தட்டு கருப்பாகவும் அடிப்பகுதி ஒளி புகுவதாகவும், புரதம் ஒட்டாத பூச்சுடனும் இருக்க வேண்டும். சாதாரண பாலிஸ்டைரீன் தட்டைப் பயன்படுத்தினால் அதன் சுவரிலேயே கருவாக்கம், அதாவது திரட்சியின் முதல் கருக்கள் உருவாவது, தொடங்கிவிடும். ஓரக் குழிகள் விரைவில் ஆவியாகும் என்பதால் அவற்றில் நீரை நிரப்பி, உள்குழிகளில் மட்டும் மாதிரிகளை இடுங்கள். பிப்பெட்டின் அழுத்தியை இரண்டாம் தடை வரை தள்ளாமல் முதல் தடையிலேயே நிறுத்துங்கள். கடைசித் துளி டிப்பில் தங்கினாலும் பரவாயில்லை, குழிக்குள் குமிழி வரக்கூடாது. இப்புரதம் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் கூடுவதால், ஒரு குமிழி உள்ள குழி மற்றக் குழிகளைவிட வெகு முன்னதாகவே ஏறிவிடும். நிரப்பியதும் ஒளி புகும் ஒட்டுப் படலத்தால் தட்டை மூடி, கருவியில் வையுங்கள். பல நாள் ஓட்டம் என்பதால் யு.பி.எஸ் இல்லாத இணைப்பில் தொடங்காதீர்கள்.

பி.எச் 7.4-இல் விதையும் அசைப்பும் இல்லாத தூய மோனோமர் நாட்கணக்கில் அப்படியே இருக்கும்; இருக்க வேண்டும். இதை முதலில் தனியாகச் செய்து பார்ப்பதே உங்கள் புரதத்தின் தரத்துக்கான சிறந்த தேர்வு. திரட்சியைக் காண விரும்பினால் குழிக்கொன்றாக 3 மில்லிமீட்டர் கண்ணாடி மணியை இட்டுத் தட்டைச் சுழல விடுங்கள். மணி அசையும்போது காற்றுப் பரப்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது, உருவான நாரிழைகளும் உடைந்து புதிய முனைகளைத் தருகின்றன. அதனால் திரட்சி சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் தொடங்கும். ஆனால், இப்போது நீங்கள் அளப்பது உடைவையும் பரப்பு விளைவையும் சேர்த்துத்தான் என்பதை மறக்கலாகாது. இந்த முறையில் ஒரே மாதிரியின் குழிகளுக்கிடையேகூட வேறுபாடு மிகுதியாக இருக்கும் என்பதால், நிலைமை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஆறு குழிகள் தேவை.

இன்னொரு மூலக்கூறின் இடைவினையைச் சோதித்தல்

பெரும்பாலோர் இந்தச் சோதனைக்கு வருவதே, ஒரு துணைப்புரதமோ (பிற புரதங்கள் தவறாக மடிந்து திரளாமல் காக்கும் சேப்பரோன்) சிறு மூலக்கூறோ திரட்சியைத் தடுக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான். ‘தடுக்கிறது’ என்ற சொல் பல நிகழ்வுகளை மூடி மறைக்கிறது. முதல் கரு உருவாவதைத் தடுக்கலாம். இருக்கும் நாரிழையின் முனையில் புதிய மோனோமர் சேர்வதைத் தடுக்கலாம். நாரிழையின் பக்கவாட்டுப் பரப்பில் புதிய கருக்கள் முளைப்பதைத் தடுக்கலாம். அசைக்கும் சோதனை ஒன்றை மட்டும் செய்தால் இவற்றைப் பிரிக்கவே முடியாது. அதனால் அதே மூலக்கூறை மேலும் இரண்டு நிலைகளில் சோதியுங்கள். முனை நீட்சியை அறிய, பி.எச் 7.4-இல், மணியும் அசைப்பும் இல்லாமல், மோனோமரின் அளவில் 5 விழுக்காடு விதையை இட்டு, தொடக்கச் சாய்வை அளக்க வேண்டும். இங்கே காத்திருப்புக் காலம், அதாவது ஒளிர்வு ஏறத் தொடங்குவதற்கு முந்தைய தட்டையான பகுதி, இருக்காது. பரப்பில் நிகழும் இரண்டாம் நிலைக் கருவாக்கத்தை அறிய, பி.எச்-ஐ 5.5-க்குக் கீழே இறக்கி, 1 விழுக்காட்டுக்கும் குறைவான விதையுடன், அசைக்காமல் அளக்க வேண்டும். அமிலச் சூழலில்தான் அந்த வழி முன்னுக்கு வருகிறது. ஆல்பா-பி-கிறிஸ்டலின் என்னும் துணைப்புரதம் நாரிழைகளின் மேல் ஒட்டி நீட்சியைத் தடுக்கிறது என்பது இத்தகைய பிரிப்பால்தான் தெளிவானது.

ஒப்பீட்டுக் குழிகளைத் திட்டமிடுவதில்தான் உழைப்பைச் செலவிட வேண்டும். எந்தப் புரதத்தைச் சேர்த்தாலும் அது காற்றுப் பரப்பையும் குழிச்சுவரையும் போர்த்திக்கொள்ளும். அதனாலேயே திரட்சி தாமதமாகும். எனவே, உங்கள் துணைப்புரதத்தின் அதே எடைக்கு, தொடர்பில்லாத ஒரு புரதத்தை, எடுத்துக்காட்டாக மாட்டுச் சீர அல்புமினை, வேறொரு வரிசைக் குழிகளில் இடுங்கள். இரண்டும் ஒரே அளவு தாமதத்தைத் தந்தால், சிறப்பு இடைவினை எதையும் நீங்கள் காணவில்லை என்றே பொருள். பீட்டா-சைனுக்ளினையும் சேர்த்துக்கொள்வது நல்லது: நடுப்பகுதியில் 11 அமினோ அமிலங்கள் குறைந்த இந்த உடன்பிறப்புப் புரதம் ஆல்பா-சைனுக்ளினின் திரட்சியைத் தாமதப்படுத்துவது நன்கு அறியப்பட்டது என்பதால், உங்கள் சோதனை முறை ஒரு மெய்யான விளைவைக் காட்ட வல்லதா என்பதை அது சொல்லும்.

சிறு மூலக்கூறுகளில் வேறொரு பொறி இருக்கிறது. மஞ்சளின் குர்குமின் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் மிகவும் விரும்பிச் சோதிக்கப்படுவது. ஆனால் அது சாயத்தைத் தூண்டும் அதே அலைநீளப் பகுதியில் ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது, தானும் ஒளிர்கிறது. குவெர்செட்டின், பச்சைத் தேநீரின் இ.ஜி.சி.ஜி போன்ற பாலிஃபீனால்களும் சாயத்தின் ஒளிர்வில் குறுக்கிடுபவையே. ஒளிர்வு குறைந்ததை வைத்துத் திரட்சி குறைந்தது என்று எழுதப்பட்ட முடிவுகள் ஏராளம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். முன்னரே முற்றிலும் திரண்ட நாரிழைகளோடு சாயத்தைச் சேர்த்து ஒளிர்வை அளந்து, பிறகு உங்கள் மூலக்கூறைச் சேர்த்து உடனே மீண்டும் அளந்து பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் நாரிழைகள் கரைந்துவிட வாய்ப்பில்லை. அப்போதே ஒளிர்வு விழுந்தால், விழுந்தது அளவீடு. டி.எம்.எஸ்.ஓ என்னும் கரைப்பானில் கரைத்த மூலக்கூறு என்றால், அதே அளவு டி.எம்.எஸ்.ஓ எல்லாக் குழிகளிலும் இருக்க வேண்டும்.

விதைகளைத் தயாரித்தலும் கையாளுதலும்

மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் செறிவுள்ள மோனோமரை 37 பாகையில், நிமிடத்துக்கு 1,000 சுற்று அசைப்பில் ஏழு நாள் வைத்தால் கலங்கிய நாரிழைக் கரைசல் கிடைக்கும். அதை மூடிய டியூபில், ஒலியலையால் உடைக்கும் கருவியான சோனிகேட்டரால் 50 நானோமீட்டர் நீளத்துக்கு அருகில் துண்டாக்கினால் விதை தயார். பழக்கதோஷத்தில் இதைப் பனிக்கட்டியில் வைத்துவிடாதீர்கள். ஆல்பா-சைனுக்ளின் நாரிழைகள் குளிரில் அவிழ்ந்து மோனோமராகும் தன்மையுள்ளவை. விதையை அறை வெப்பத்தில் கையாள வேண்டும்.

இத்தகைய விதைகளை நோயற்ற சுண்டெலிகளின் மூளையில் செலுத்தியபோது திரட்சி பரவி, டோபமைன் நரம்பணுக்கள் இறந்து, இயக்கம் குன்றியதை பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2012ஆம் ஆண்டில் காட்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுவோருக்கு இதனால் நோய் வந்ததாகச் சான்று இல்லை. ஆயினும் சோனிகேட்டரைத் திறந்த டியூபில் இயக்கி நுண்துளிகளைக் காற்றில் பரப்பக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சிந்திய இடத்தை எத்தனாலால் துடைப்பதால் பயனில்லை. 1 விழுக்காடு எஸ்.டி.எஸ் கரைசலால் துடைக்க வேண்டும். மோனோமர் கையாளும் மேசையும் பிப்பெட்டும் வேறு, நாரிழை கையாளும் மேசையும் பிப்பெட்டும் வேறு என்று வைத்துக்கொள்வது உங்கள் உடல்நலத்துக்கும் உங்கள் அளவீடுகளுக்கும் ஒருசேர நல்லது.

வளைவைப் படித்தல்

காத்திருப்புக் காலத்தில் எதுவும் நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம். கருக்கள் உருவாவதும் நீள்வதும் பெருகுவதும் முதல் மணி நேரத்திலிருந்தே நடந்துகொண்டிருக்கின்றன; கருவி காணும் அளவை அவை இன்னும் எட்டவில்லை, அவ்வளவுதான். ஒளிர்வு பாதியை எட்டும் நேரத்தை ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியே குறித்து, பல மோனோமர் செறிவுகளில் அது எப்படி மாறுகிறது என்று மடக்கை வரைபடத்தில் இட்டால், எந்த வழி முதன்மையானது என்பதற்கு முதல் துப்பு கிடைக்கும். கேம்பிரிட்ஜ் குழு உருவாக்கிய அமிலோஃபிட் இணையக் கருவியில் இதைச் செய்யலாம். வளைவுகளை எல்லாம் 0-விலிருந்து 1-க்குச் சமப்படுத்துவதற்கு முன், மூல எண்களை ஒரு முறை உற்றுப் பாருங்கள். சமப்படுத்தினால் இறுதி ஒளிர்வில் உள்ள வேறுபாடு மறைந்துவிடும்.

ஓட்டம் முடிந்ததும் தட்டை எறிந்துவிடாதீர்கள். குழிகளின் உள்ளடக்கத்தை 1,00,000 ஜி விசையில் சுழற்றி, மேல்நீரில் எஞ்சிய புரதத்தை ஜெல்லில் அளக்க வேண்டும். ஒளிர்வு குறைந்த குழியில் மோனோமர் உண்மையிலேயே மிஞ்சியிருந்தால்தான் உங்கள் மூலக்கூறு ஏதோ செய்திருக்கிறது. மோனோமரும் இல்லை, ஒளிர்வும் இல்லை என்றால் சாயம் ஒட்டாத வேறு வகைத் திரட்சி உருவாகியிருக்கலாம். அப்போது 5 மைக்ரோலிட்டரை கார்பன் பூசிய செப்பு வலையில் இட்டு, யுரேனைல் அசிட்டேட்டால் சாயமேற்றி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காண்பது கட்டாயமாகிறது. கிளைக்காத, ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலமுள்ள நீண்ட இழைகள் தெரிந்தால் அவை நாரிழைகள். ஒழுங்கற்ற திட்டுகளாக இருந்தால் அப்படியே எழுதுங்கள்.

முடிவை எழுதும்போது எதை உரிமை கோரலாம் என்பதிலும் கவனம் வேண்டும். ஈ.கோலையில் வந்த புரதத்தின் முதல் அமினோ அமிலத்தில் மனித செல்களில் உள்ள அசிட்டைல் குழு இருக்காது. லூயி உடல்களில் பெரும்பகுதிப் புரதத்தில் காணப்படும் 129ஆம் இடத்து செரினின் பாஸ்பேட்டும் இருக்காது. இதே புரதம் திரளும் மற்றொரு நரம்பு நோயான மல்டிபிள் சிஸ்டம் அட்ரஃபி உள்ள நோயாளிகளின் மூளையிலிருந்து பிரித்த நாரிழைகளின் மடிப்பு 2020ஆம் ஆண்டிலும், பார்க்கின்சன் நோயாளிகளின் நாரிழை மடிப்பு 2022ஆம் ஆண்டிலும் குளிர்-எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் வெளிப்பட்டன. அவை ஒன்றுக்கொன்றும் வேறானவை, ஆய்வுக்கூடத்துக் குழாயில் அதுவரை உருவாக்கிய நாரிழைகளிலிருந்தும் வேறானவை. ஆகவே, கட்டுரையில் புரதத்தின் மூலம், அசிட்டைல் குழு உண்டா இல்லையா என்ற விவரம், வடிகட்டிய பின் அளந்த செறிவு, தட்டின் வகை, மணியின் அளவு, அசைப்பின் வேகம், விதை எந்த நிலையில் உருவானது ஆகியவற்றையும், ஒதுக்கிய குழிகள் எவை, ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் முழுமையாக எழுதுங்கள்.